பாடியவரின் பெயர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் கலைப் பக்கத்தில், பழைய மேற்கத்திய இசைத்தட்டுகள் மறுபடி வெளிவருவதைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. தமிழ்ப் பத்திரிகை ஒன்று இந்த விஷயத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிய காரியம், அதற்கு நன்றி. ஆனால் அமெரிக்க இசைக்கலைஞர் நாட் கிங் கோலைப் பற்றி அதில் இருந்த இரண்டே இரண்டு வரியைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. மென்மையான குரலில் காதல் பாட்டுப் பாடியவர் என்று அவரை முடித்துவிட்டு, அவருடைய ‘ஆஃப்டர் மிட்நைட்’ அல்பத்தின் மறுபதிப்பையும் பழைய ரசிகர்களின் பணத்துக்காகச் செய்யும் வியாபாரம் என்ற கணக்கில் கட்டுரையாளர் சேர்த்துவிட்டார். எந்த அல்பத்தைப் பற்றி வேண்டுமானாலும் அப்படிச் சொல்லியிருக்கலாம், இதைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடாது. ஏனென்றால் அவர் வெறும் பாடகர் இல்லை என்பதற்கு அவரே வைத்துவிட்டுப் போன சாட்சி இந்த அல்பம்தான்.

நாட் கிங் கோல் முதலில் பியானோக்காரர். 1919ல் அலபாமா மாநிலத்து மொன்ட்கொமரியில் பிறந்து சிக்காகோவில் வளர்ந்தவர். தகப்பனார் பப்ரிஸ்ட் சபைப் போதகர், தாயார் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர், முதல் பாடம் தாயிடம்தான். ஏர்ல் ஹைன்ஸ் என்ற பெரிய பியானோ மேதையைக் கேட்டுக் கேட்டு விரல் பழகியவர். 1937ல் லொஸ் ஏஞ்சலிஸில் ஒஸ்கார் மூர் கிற்றார், வெஸ்லி பிரின்ஸ் பேஸ், தான் பியானோ என்று மூவர் குழு ஒன்றைத் தொடங்கினார். ட்ரம்ஸ் கிடையாது. பதினைந்து இருபது பேர் மேடையில் உட்கார்ந்து ஊதிய பெரிய பாண்டுகளின் காலம் அது, அந்தக் காலத்தில் மூன்று பேர், அதுவும் தாளத்துக்கென்று தனியாக ஓர் ஆள் இல்லாமல். அந்த அமைப்பு எவ்வளவு தூரம் போனது என்றால், ஆர்ட் டேட்டமும் பின்னால் ஒஸ்கார் பீற்றர்சனும் அதே பியானோ, கிற்றார், பேஸ் வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். ஜாஸ் பியானோ தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு பெயரும் போதும்.

பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். 1943ல் கப்பிட்டல் இசைத்தட்டு நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது, தகப்பனாரின் பிரசங்கம் ஒன்றில் வந்த கதையை வைத்து அவர் எழுதிய பாட்டு அடுத்த வருடமே எல்லா இடமும் பரவியது. 1946ல் பாட்டுக்குப் பின்னால் வயலின் கூட்டம் வந்தது, 1948லும் 1950லும் வந்த வெற்றிகளோடு பியானோ மெல்ல மெல்லப் பின்னால் போனது, ஐம்பதுகளின் தொடக்கத்தில் மூவர் குழுவின் பெயரே தட்டுகளில் இருந்து மறைந்தது. பியானோவில் இருந்து எழும்பி மைக்கின் முன்னால் நின்ற மனிதரைத்தான் உலகம் வைத்துக்கொண்டது. பாடகர் என்ற பெயர் பியானோக்காரரை விழுங்கிவிட்டது.

அதிலும் ஒரு கொடுமை உண்டு. அவருடைய மிகச் சிறந்த பியானோ வாசிப்பில் சிலது வெளிவந்தபோது அவருடைய பெயரே அதில் இல்லை. 1944 ஜூலையில் லொஸ் ஏஞ்சலிஸில் நடந்த முதல் ‘ஜாஸ் அட் த ஃபில்ஹார்மோனிக்’ கச்சேரியில் அவர் வாசித்தார், அந்த ஒலிப்பதிவு தட்டாக வந்தபோது ஷோர்ட்டி நடீன் என்ற பெயரில் வந்தது. 1946ல் சக்சபோன் மேதை லெஸ்டர் யங்கோடும் ட்ரம்ஸ்காரர் பட்டி ரிச்சோடும் வாசித்ததில் அவருக்கு வைத்த பெயர் ஏய் கை. கப்பிட்டல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்ததால் வேறு நிறுவனத்தின் தட்டில் சொந்தப் பெயர் போட முடியாது. அந்தத் தட்டை அன்றைக்கு வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு யாருடைய விரலைக் கேட்கிறோம் என்று தெரிந்திருக்கும்?

இந்தப் பின்னணியோடு ‘ஆஃப்டர் மிட்நைட்’ அல்பத்துக்கு வாருங்கள். 1956 ஏப்ரலில் அலபாமாவின் பேர்மிங்ஹாமில் அவர் மேடையில் பாடிக்கொண்டிருந்தபோது வெள்ளை இனவாதிகள் ஏறிப் பாய்ந்து அவரைக் கீழே தள்ளினார்கள். அதே வருடம் நவம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியில் அவருடைய பெயரிலேயே நிகழ்ச்சி தொடங்கியது, நாடு முழுவதற்கும் விளம்பரம் கொடுக்க ஒரு நிறுவனமும் முன்வராமல் அடுத்த வருடக் கடைசியில் நின்றுபோனது. இந்த இரண்டுக்கும் நடுவில், ஓகஸ்ட் செப்டெம்பர் மாதங்களில், ஹொலிவூட்டில் நாலு அமர்வுகளில் பதிவானது இந்த அல்பம். பெரிய வாத்தியக் குழு கிடையாது. கூடவே இருக்கும் ஜோன் கொலின்ஸ் கிற்றார், சார்லி ஹாரிஸ் பேஸ், லீ யங் ட்ரம்ஸ். இந்த லீ யங் வேறு யாருமில்லை, பத்து வருடத்துக்கு முதல் கோல் தன் பெயரை மறைத்து யாரோடு வாசித்தாரோ அந்த லெஸ்டர் யங்கின் தம்பி. இவர்களோடு அமர்வுக்கு ஒருவராக விருந்தாளிகள்: கவுண்ட் பேசியின் பாண்டில் இருந்து வந்த ஹரி எடிசன் ட்ரம்பெட், ஜிம்மி லன்ஸ்ஃபோர்டின் பாண்டில் வாசித்த வில்லி ஸ்மித் அல்டோ சக்சபோன், டியூக் எலிங்டனின் பாண்டில் இருந்த, புவேர்ட்டோ ரிக்கோக்காரரான ஹுவான் டிசோல் ட்ரொம்போன், ஸ்டஃப் ஸ்மித் வயலின். டிசோலின் ட்ரொம்போன் முன்னும் பின்னும் இழுத்து வாசிப்பதல்ல, ட்ரம்பெட்டைப் போல விசையை அழுத்தி வாசிப்பது. ‘கரவன்’ என்ற பாடலின் மெட்டு அவருடையது, அதனால் அந்தப் பாடல் இந்த அல்பத்தில் இருக்கிறது, அதை உண்டாக்கியவரே ஊதுகிறார்.

நான் இப்படிப் பெயர் பெயராக எழுதுவது காரணத்தோடுதான், கொஞ்சம் பொறுங்கள்.

‘ஸ்வீட் லொரேன்’ பாட்டை அவர் 1940லேயே மூவர் குழுவோடு டெக்கா நிறுவனத்துக்குப் பாடியிருக்கிறார். பதினாறு வருடம் கழித்து இங்கே மறுபடி பாடுகிறார். ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள். குரலை விட்டுவிடுங்கள், குரல் எங்கேயும் ஓடாது. ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் முன் இருக்கிற சின்ன இடைவெளியைக் கவனியுங்கள். அந்த இடத்தில் எடிசன், ட்ரம்பெட்டின் வாயில் மூடியைச் செருகிக்கொண்டு, சில நேரம் ஒரே சுரத்தை இரண்டு மூன்று தரம் தொட்டுவிட்டு விலகுகிறார். அதற்குக் கீழே பியானோ. பாடுகிற ஆளே வாசிப்பதால் அது பாட்டை ஒருபோதும் நெரிக்காது, தான் எங்கே மூச்சு எடுக்கப் போகிறோம் என்று கைக்கு முதலே தெரியும். பல சுரங்களை ஒன்றாக அழுத்தும் பெரிய பெரிய கோர்டுகளைப் போட்டு அடிக்கிற பியானோ இல்லை இது. வரியின் வால் முடிகிற இடத்தில் வலது கை நாலைந்து சுரம் சொல்லும், அவ்வளவுதான், அதுவும் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து. பாடிக்கொண்டே இதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று ஹார்மோனியம் வைத்துப் பாடிப் பார்த்த எவருக்கும் தெரியும்.

அப்புறம் ‘சம்டைம்ஸ் ஐம் ஹப்பி’. நம்முடைய வாசகர்களுக்கு வயலின் புதிதில்லை. கச்சேரியில் பாடகர் ஒரு சங்கதியைப் போட்டால் வயலின் அதை நிழலைப் போலப் பிடித்துக்கொண்டு வந்து, நிரவலில் தன் பங்குக்குத் திருப்பிக் கொடுக்கும், அந்த மரியாதைக்கு நாம் பழகியவர்கள். ஸ்டஃப் ஸ்மித் அப்படிச் செய்வதில்லை. முப்பதுகளிலேயே வயலினுக்கு மின்சார ஒலிபெருக்கம் வைத்துக்கொண்டவர், வில்லை அழுத்தி, கொஞ்சம் கரகரப்போடு, பாடகர் சொன்னதை விட்டுவிட்டு வேறொன்றைப் பதிலாகச் சொல்கிறார். கோல் அழகாக, ஒரு சுருக்கம் இல்லாமல் பாடப் பாட, இவர் பக்கத்தில் நின்று வாக்குவாதம் செய்கிற மாதிரி இருக்கும். முதல் தரம் கேட்கும்போது சிலருக்குப் பிடிக்காமலும் போகலாம். எனக்கு இந்த அல்பத்திலேயே உயர்ந்த இடம் அதுதான். அந்த வயலின் இல்லாவிட்டால் அது நல்ல பாட்டு, அது இருப்பதால் இரண்டு பெரியவர்கள் ஒரே அறையில் இருந்த நேரம்.

இனி மறுபதிப்பு. 1957ல் வெளிவந்த எல்.பி. தட்டில் பன்னிரண்டு பாடல்கள்தான் இருந்தன. ஆனால் அந்த நாலு அமர்வுகளில் அதற்கு மேலும் ஐந்து பாடல்கள் பதிவாகியிருந்தன. சீ.டி. காலத்து மறுபதிப்புகளில் அந்த ஐந்தும் சேர்ந்தன. 1999ல் வந்த முழுப் பதிப்பில் பதினேழு பாடல்களோடு ஒரு பாட்டின் இன்னொரு வாசிப்பும் இருக்கிறது. இதை வியாபாரம் என்று ஒரே சொல்லில் தள்ள முடியுமா? விற்கிறார்கள், உண்மை, இலவசமாகக் கொடுக்கவில்லை. ஆனால் பெட்டிக்குள் கிடந்த ஐந்து பாட்டு வெளியே வந்திருக்கிறது, எந்தப் பாட்டில் எந்த விருந்தாளி, எந்தத் தேதியில் எந்த அமர்வு என்ற விபரம் சிறு புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. அந்தத் தேதி வரிசையில் கேட்டுப் பாருங்கள், ஒரே விருந்தாளியோடு பதிவானவை அடுத்தடுத்து வரும்போது நேரம் போகப் போக அவர்கள் ஒருவருக்கு ஒருவர் பழகிக்கொள்வது காதுக்குத் தெரியும். எல்.பி.யின் வரிசையில் அது கலைந்துபோயிருந்தது.

இந்தச் சிறு புத்தகம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலும் இந்த எல்.பி. இருந்தது. அப்பா கொழும்புக் கோட்டையில் வேலை செய்தவர், சம்பளம் எடுத்தால் மாதத்துக்கு ஒரு தட்டு என்று கொண்டுவருவார், கர்நாடக சங்கீதமும் சினிமாப் பாட்டும் நாட் கிங் கோலும் ஜிம் ரீவ்ஸும் ஒரே அலுமாரியில் நிற்கும். 83 ஜூலையில் வீட்டோடு அந்த அலுமாரியும் போனது. கொழும்பில் அன்றைக்கு இப்படி எத்தனை தமிழ் வீடுகளில் எத்தனை தட்டுகள் போயிருக்கும் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை, எடுக்கவும் முடியாது, உயிர் போன இடத்தில் இசைத்தட்டை யார் எண்ணுவது. அதற்குப் பிறகு மெட்டு மனதில் இருந்தது, பாடியவர் பெயர் மனதில் இருந்தது. அப்பா அடிக்கடி, இந்த வயலின்காரனைக் கேள் என்று சொல்வார், அந்த வயலின்காரரின் பெயர் மட்டும் தட்டின் அட்டையோடு போய்விட்டது. மறுபதிப்பு ஒன்று வெளிநாட்டில் இருந்து ஓர் உறவினர் கையில் வந்து சேர்ந்தபோதுதான் ஸ்டஃப் ஸ்மித் என்ற பெயரைப் படித்தேன். அப்பா அப்போது இல்லை.

எங்களைப் போன்றவர்களுக்கு மறுபதிப்பு என்பது பழைய ரசிகனின் ஆசைக்கு விலை வைத்த பொருள் இல்லை ஐயா. இழந்ததில் திரும்பக் கிடைக்கக்கூடிய கொஞ்சத்தில் ஒன்று. அதனால்தான் அது ஒழுங்காகச் செய்யப்பட்டிருக்கிறதா, பெயர்கள் இருக்கின்றனவா என்று இவ்வளவு கறாராகப் பார்க்கிறேன்.

கறாராகப் பார்க்க வேண்டிய இன்னொரு காரணமும் உண்டு. ஐரோப்பாவில் ஒலிப்பதிவுகளுக்கு ஐம்பது வருட உரிமைதான் இருந்தது. பிறகு எழுபதாக்கினார்கள், ஆனால் 1963க்கு முதல் வெளியானவை அதற்கு முன்பே உரிமைக்கு வெளியே போய்விட்டன. அதனால் 1957ல் வந்த இந்த அல்பத்தை அங்கே யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். 2021ல் ஸ்பொட்டிஃபை இலங்கைக்கும் வந்த பிறகு நம் பிள்ளைகள் போனில் தேடினால் நாட் கிங் கோலின் பெயரில் நூற்றுக்கணக்கான அட்டைகள் வரும், ஒரே பாட்டு பத்து இடத்தில் பத்து விதமாக ஒலிக்கும். சிலது மூல நாடாவில் இருந்து எடுத்தது, சிலது யாரோ ஒருவரின் சீ.டி.யைப் பிரதி எடுத்து, இரைச்சலைக் குறைக்கிறோம் என்று சொல்லி எல்லாவற்றையும் வழித்துத் துடைத்தது. நாடாவின் மெல்லிய ‘ஸ்ஸ்’ சத்தத்தை இப்படி மொத்தமாக அகற்றும்போது அதே அலைவரிசையில் இருக்கும் வேறு சிலதும் சேர்ந்து போய்விடும். லீ யங் ட்ரம்ஸின் தோலில் கம்பித் தூரிகையால் தேய்க்கிற அந்தச் சத்தம் முதலில் போகும். பிறகு மூடி போட்ட ட்ரம்பெட்டின் மேல் ஓரம். குரல் மட்டும் தெளிவாக நிற்கும். கடைசியில் பார்த்தால் அங்கேயும் பாடகர் தப்பிவிடுகிறார், பக்கத்தில் வாசித்தவர்கள் அழிகிறார்கள்.

இது ஒற்றைத் தட ஒலிப்பதிவுக் காலத்து அல்பம், மோனோ. அறுபதுகளில் கப்பிட்டல் நிறுவனமே பழைய மோனோப் பதிவுகளை டியோஃபோனிக் என்ற பெயரில் செயற்கை ஸ்டீரியோவாக்கி விற்றது. ஒரு பக்கம் கீழ்ச்சுரம், மறுபக்கம் மேல்சுரம் என்று பிரித்து, சின்னத் தாமதமும் கொடுத்து. கேட்டால் எல்லோரும் குளியலறைக்குள் நிற்பதுபோல் இருக்கும். உங்கள் பத்திரிகையில் இனிமேல் ஒரு மறுபதிப்பைப் பற்றி எழுதுவதாக இருந்தால், எந்த நாடாவில் இருந்து எடுத்தார்கள், மோனோவை மோனோவாகவே விட்டார்களா, விடுபட்ட பாடல்கள் சேர்ந்திருக்கின்றனவா, வாசித்தவர்கள் பெயர் இருக்கிறதா, இவ்வளவையும் எழுதச் சொல்லுங்கள். வாங்குகிறவனுக்கு அதுதான் தெரிய வேண்டும். அட்டைப் படம் அழகாக இருக்கிறது என்பதை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

1991ல் மகள் நடாலி கோல், தகப்பனாரின் பழைய பதிவில் இருந்து குரலை எடுத்து அதோடு தானும் பாடி ஒரு பாட்டை வெளியிட்டார். உலகம் முழுக்கக் கேட்டது, கிராமி விருதுகள் கிடைத்தன. ஒரு மகள் செய்தது அது, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இறந்தவரின் குரலைத் தனியே பிரித்தெடுத்துப் புதிய இசைக்கு மேல் வைப்பது வேறு வேலை, அன்றைக்கு ஒரே அறையில் இருந்து வாசித்த அத்தனை பேரையும் சேர்த்துத் திருப்பித் தருவது வேறு வேலை. உங்கள் கட்டுரையாளர் இரண்டையும் ஒரே கூடையில் போட்டிருக்கிறார்.

சரி, இந்த அமெரிக்கக் கதையைத் தமிழ்ப் பத்திரிகைக்கு ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று கேட்கலாம். கொழும்புக்கு இந்த இசை அந்நியம் இல்லை. டேவ் புரூபெக் 1958லும் டியூக் எலிங்டன் 1963லும் இலங்கைக்கு வந்து வாசித்துவிட்டுப் போனவர்கள். இலங்கை வானொலியின் ஆங்கில வர்த்தக சேவையில் இந்தப் பாட்டுகள் போகும், பக்கத்து அலைவரிசையில் தமிழ் சேவை, நாங்கள் முள்ளைத் திருப்பித் திருப்பி இரண்டையும் கேட்டு வளர்ந்தோம். தமிழ் சேவையைத் தமிழ்நாடே காது கொடுத்துக் கேட்டது, மயில்வாகனனின் குரலை அங்கே தெரியாதவர் இல்லை. அந்த அறிவிப்பாளர்கள் பாட்டின் பெயர், படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லாவற்றையும் மரியாதையாகச் சொல்வார்கள். அதைக் கேட்டுத்தான் நமக்கு ஒரு பாட்டுக்குப் பின்னால் பல பேர் இருக்கிறார்கள் என்ற அறிவே வந்தது. வாத்தியம் வாசித்தவர் பெயர் மட்டும் அதில் வருவது மிகக் குறைவு.

நம்முடைய கச்சேரி வழக்கத்தைப் பாருங்கள். பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் ஒரு பிள்ளையின் அரங்கேற்றம் என்றால்கூட அழைப்பிதழில் வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று தனித்தனி வரியில் அச்சடிப்போம். தம்புரா போடுகிறவர் பெயரைக்கூட விடமாட்டோம். விட்டால் பெரிய மனஸ்தாபமே வரும். மேடையில் அவர்களுக்கும் பொன்னாடை உண்டு. இவ்வளவு நல்ல வழக்கம் உள்ள நாம், மெல்லிசை என்று வந்தவுடன், பொப் இசை என்று வந்தவுடன், பாடியவரோடு நின்றுவிடுகிறோம்.

எழுபதுகளின் நம்முடைய தமிழ் பொப் பாடல்களை எடுங்கள். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் என்றால் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கனடாவிலும் மூன்று தலைமுறைக்குத் தெரியும். கலியாண வீட்டில் இன்றைக்கும் அந்தப் பாட்டுப் போட்டால் கிழவனும் எழும்பி ஆடுவான். அந்தத் தட்டுகளில் பேஸ் கிற்றார் வாசித்தவர் யார்? பொங்கோ அடித்தவர் யார்? அந்தப் பாட்டுகளை ஆட வைப்பதே அந்த இரண்டும்தான். எனக்குத் தெரிந்தவர்கள், இசையில் ஊறியவர்கள், பலரிடம் கேட்டுவிட்டேன், ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கிறார். எழுதிவைத்த இடம் இல்லை. ஆர். முத்துசாமி அருமையான வயலின்காரர், எம். கே. ரொக்சாமி சக்சபோன்காரர், இரண்டு பேரும் சிங்களத் திரைப்படங்களுக்கு இசையமைத்துப் பெயர் எடுத்த தமிழர்கள். இசையமைப்பாளர்கள் என்று அவர்களைப் பற்றி எழுதுகிறார்கள், சந்தோஷம். ஆனால் அந்த வயலினும் அந்த சக்சபோனும் மற்றவர்கள் இசையமைத்த எந்தெந்தப் பாட்டில் ஒலிக்கின்றன என்ற பட்டியல் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். ஸ்டஃப் ஸ்மித் 1956 செப்டெம்பரில் எந்தப் பாட்டுக்கு வாசித்தார் என்று வெள்ளவத்தையில் இருந்துகொண்டு என்னால் சொல்ல முடிகிறது, பக்கத்தில் கொழும்பு 7ல் இருக்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில் யார் வாசித்தார் என்று சொல்ல முடியவில்லை. இது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் இசைத்தட்டுக் களஞ்சியம் அபூர்வமானது என்று இந்தியாவில் இருந்துகூட ஆட்கள் தேடி வருகிறார்கள். அங்கே பதிவான தமிழ் மெல்லிசைப் பாடல்களை ஒழுங்காக, மூல நாடாவில் இருந்து, ஒலியைக் கெடுக்காமல், வாசித்தவர்களின் விபரத்தோடு வெளியிட்டால் வாங்க நாங்கள் இருக்கிறோம். ஸ்கார்பரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். பணத்துக்குக் குறை வராது. ஆனால் அந்த வேலையை நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளினால், அன்றைக்கு வாசித்தவர்களில் மிஞ்சியிருக்கும் சிலரிடம் கேட்க முடியாமல் போய்விடும். நாடா அலுமாரிக்குள் இன்னும் கொஞ்சக் காலம் இருக்கும், அந்த நாடாவைக் கேட்டு, இது என் கை, அது இன்னாருடைய கை என்று சொல்லக்கூடிய ஆட்கள் எழுபது எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள்.

அதனால் உங்களிடம் கேட்பது இது. கலைப் பக்கத்தின் ஓரத்தில் வாரம் ஒரு சின்னப் பத்தி ஒதுக்குங்கள். ஒரு வாரம் ஒரு பாட்டு. பாட்டின் பெயரைப் போட்டு, இதில் கிற்றார் யார், தபேலா யார், வயலின் யார் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள் என்று கேளுங்கள். இரண்டு பேர் மாறிச் சொன்னால் இரண்டையும் போடுங்கள், மூன்றாவது ஆள் எழுதித் தீர்த்துவைப்பார். வாசித்தவர்களின் பிள்ளைகள் கொட்டாஞ்சேனையில் இருப்பார்கள், மட்டக்களப்பில் இருப்பார்கள், நோர்வேயில் இருப்பார்கள், உங்கள் பத்திரிகை இணையத்தில் எல்லா இடமும் போகிறது. வீட்டில் பழைய ஒப்பந்தக் கடிதமோ, ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படமோ இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள். இதற்குப் பெரிய செலவு இல்லை, ஒருவர் பொறுப்பாக இருந்தால் போதும்.

83க்குப் பிறகு புறக்கோட்டை நடைபாதையிலும் தெரிந்தவர்கள் வீட்டிலும் தேடித் தேடிச் சேர்த்த இலங்கைத் தமிழ்த் தட்டுகள் கொஞ்சம் என்னிடம் இருக்கின்றன. அவற்றின் அட்டையையும் நடு லேபலையும் படம் எடுத்து, என்ன பெயர் அச்சாகியிருக்கிறது, என்ன பெயர் அச்சாகவில்லை என்ற குறிப்போடு உங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன். எந்த நாள் வசதி என்று சொன்னால் போதும், பின்னேரம் என்றால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.